வாசி இல்லாத காசு



களுதாவளைத் திருநீற்றுக்கேணியிலே சுயம்புவாய் எழுந்தருளி எம்மையெல்லாம் காத்தருளும் பிள்ளையாருடைய ஆனி உத்தரப் பெருவிழாவை ஒட்டி வெளிவரும் இம்மலருக்கு ஒரு சமயக் கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். புதிதாக ஒன்றை எழுதுவதிலும் பார்க்க, திருவிழா இரவொன்றில் பூசை முடிந்தபின் அடியேன் பேசியதையே எழுதித் தருவது நல்லதென எண்ணினேன். அன்று பேசும்போது மழை குறுக்கிட்டமையால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. விடுபட்டதையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

பிள்ளையாருக்கு அமுது படைக்கும்போதெல்லாம் நம்பியாண்டார் நம்பியின் கதை என் நினைவுக்கு வரும். திருநாரையூரிலே பொல்லாப்பிள்ளையாருக்குப் பூசை செய்யும் தந்தையார் ஒருநாள் வெளியூர் போக, சிறுவனாகிய நம்பி நைவேத்தியத்தைக் கொண்டுபோய் வைத்தார். பிள்ளையார் உண்மையாகவே உண்பார் என்று நம்பிய பிள்ளை அவர். உண்ணவில்லை என்றதும் அழுதார், தலையை மோதிக்கொள்ளப் போனார். பிள்ளையார் தடுத்து, உண்டருளினார். இக்கதையைக் கேட்டு நாம் நெகிழ்கின்றோம். ஆனால் ஒன்றைக் கவனிப்பதில்லை. “சாமி சாப்பிடவில்லையே” என்று அந்தப் பிள்ளைக்கு வந்த பதற்றம் எமக்கு வருவதில்லை. படைத்தோம், திரை திறந்தோம், பகிர்ந்தோம் என்ற அளவில் எமது கடமை முடிந்துவிடுகின்றது. உண்ணாமல் ஒருவர் இருக்கின்றார் என்றால் அது என்னுடைய துயரம் என்று பதறும் நெஞ்சே பூசையின் உயிர். இதைப் பற்றித்தான் பேச விரும்புகின்றேன். பேசும் தகுதி எனக்குப் பெரிதாக இல்லை என்பதையும் முன்னரே சொல்லிவிடுகின்றேன். ஏனென்று பின்னர் விளங்கும்.

எம்முடைய நாடு வாவியால் இரண்டாகப் பிரிந்தது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. கடற்கரை மணலும் தென்னையும் வெற்றிலைத் தோட்டமும் இக்கரையில். வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் அக்கரையில். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரும் மண்டூர்க் கந்தசுவாமியாரும் அக்கரையில் இருக்கின்றார்கள். எமது பிள்ளையார் இக்கரையில் இருக்கின்றார். அந்த நாளில் மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, குறுமண்வெளித்துறை என்று துறைகளாலே இணைந்திருந்தோம். தெற்கே பட்டிருப்புப் பாலம் இருந்தது. மண்முனைத்துறைக்குப் பாலம் வந்தது 2014இல்தான். பெண் எடுத்ததும் கொடுத்ததும், நெல் வந்ததும் வெற்றிலை போனதும் இந்தத் துறைகளாலேதான்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், திருவெம்பாவைக் காலம். அதிகாலைப் பூசைக்கு எழும்பியவர்கள் வீடு திரும்பி இளைப்பாறிக் கொண்டிருந்த வேளையில் கடல் உள்ளே வந்தது. வடக்கே நாவலடி, கல்லடி, டச்பார், தெற்கே பாண்டிருப்பு, மருதமுனை, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் நடந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை நகராது. சொல்ல வந்தது அன்று பின்னேரம் நடந்ததைத்தான். கடலுக்குப் பயந்து மேட்டு நிலத்திலே கூடியிருந்த எங்களுக்கு உழவு இயந்திரத்தில் சோற்றுப் பொதிகள் வந்தன. படுவான்கரையிலிருந்து வந்த சோறு அது. தாமரை இலையிலே கட்டிய சோறும் பருப்பும் ஒரு துண்டு கருவாடும். கொண்டுவந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர்களும் எங்களை யாரென்று கேட்கவில்லை. இறங்கினார்கள், கொடுத்தார்கள், இன்னும் ஆக்கிக்கொண்டு வருகிறோமென்று திரும்பிப் போனார்கள். நான் இரண்டு பொதி வாங்கினேன். ஒன்று எனக்கு, மற்றது வரவிருந்த தம்பியின் மகனுக்கு. அவன் வருவதற்குள் அதையும் நானே உண்டுவிட்டேன். அவ்வளவு பசி. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டு வருடமும் சில மாதமும் கழிந்தன. 2007 மார்ச் மாதத்திலே படுவான்கரையில் சண்டை மூண்டது. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்துச் சனமெல்லாம் வாவியைக் கடந்து இக்கரைக்கு வந்தது. வாகரைப் பக்கத்தால் முன்னரே வந்தவர்களையும் சேர்த்து மட்டக்களப்பு மாவட்டத்தில் அக்காலத்தில் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்திருந்தனர். பாடசாலைகள், கோயில் மடங்கள், பொது மண்டபங்கள், மரநிழல்கள் எல்லாம் முகாம்களாயின. பிறகுதான் கூடாரங்கள் வந்தன. அது பெரும்போக அறுவடை முடிகின்ற காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். சூடு அடிக்காத கதிரையும், களத்திலே குவித்த நெல்லையும், கட்டவிழ்த்துவிட்ட மாடுகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். வீட்டிலே நூறு மூடை நெல் இருக்க, கையிலே ஒரு பீங்கானோடு வரிசையில் நின்றார்கள்.

“அகதி” என்றோம். கதி இல்லாதவர் என்று பொருள். சைவத்திலே “கதி” என்ற சொல்லை நாம் இறைவனுக்கல்லவா வைத்திருக்கின்றோம்! கதியற்றவன் என்று ஒருவனை எழுதிக் கொடுக்கும்போது, அவனுடைய கதி யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே எழுதப்படுகின்றது. பிச்சாடனராய் ஓடேந்தி வீடு வீடாக வந்தவரை வணங்குகிற சமயம் எங்களுடையது. வாசலிலே நிற்பவரைப் பார்த்து முகம் சுளிக்க எமக்கு உரிமையில்லை.

இனி என்னுடைய குற்றத்தைச் சொல்கின்றேன்.

அக்கம்பக்கத்துப் பாடசாலை ஒன்றில் முதல்நாள் வந்து சேர்ந்தவர்களுக்கு ஊர் இளைஞர்கள் சமைத்தார்கள். கழகத்துப் பிள்ளைகள், ஏ.எல். படிக்கும் பிள்ளைகள், இரண்டொரு ஆசிரியர்கள், வீடுகளிலிருந்து வந்த பெண்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுண்டு அரிசி, ஒரு தேங்காய், தோட்டக்காரரிடம் கத்தரியும் வெங்காயமும். இப்படிச் சேர்த்ததை இரண்டு கிடாரத்தில் ஏற்றினார்கள். முந்நூறு பேருக்குப் போதுமான சோறு. வந்திருந்தவர்களோ அதன் இரண்டு மடங்குக்கு மேல். ஓய்வுபெற்ற வாத்தியார் என்ற மரியாதையில் பங்கிடும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நானும் நீதியாகப் பங்கிட வேண்டுமென்று ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்தேன். குடும்பத் தலைவர் பெயர், ஊர், கிராம சேவகர் பிரிவு, அங்கத்தவர் தொகை. ஒருவர் இரண்டு தரம் எடுத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

சோறு நாலு மணிக்கு இறக்கியாயிற்று. எழுத்து முடியவில்லை. வரிசை வாசலைத் தாண்டி வீதிவரை நின்றது. விளக்கு வைக்கும் நேரமாகியும் பாதிப்பேர் உண்ணவில்லை. பிள்ளைகள் தாய்மாரின் தோளிலே வாடிப்போய் உறங்கிவிட்டன. உறங்கின பிள்ளையை எழுப்பி ஊட்டினால் அது சத்தி எடுக்கும் என்று ஒரு தாய் சொன்னாள். சோறு அங்கே ஆறிக்கொண்டிருந்தது, நான் இங்கே எழுதிக்கொண்டிருந்தேன்.

வரிசைக்கு வராமல் வேப்பமரத்தடியில் ஒரு அம்மா இருந்தார். எழுபது வயது மதிக்கலாம். பேரப்பிள்ளை ஒன்று மடியில். உடுத்திருந்த சேலையிலே தெரிந்தது, வசதியான வீட்டு மனுசி, போடியார் குடும்பத்தவர் என்று. நான் கூப்பிட்டேன், வரவில்லை. சமைத்துக் கொண்டிருந்த பையன் ஒருவன் கரியும் வியர்வையுமாகப் போய்ப் பக்கத்தில் குந்தினான். “ஏன் அம்மம்மா, பசிக்கல்லையா?” என்றான். “வயிறு கேக்குது மனே, கை நீளுதில்ல” என்றார் அவர். அவன் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் ஒரு வாழையிலையில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, “நானும் காலையில இருந்து தின்னல்ல, தனியத் தின்னச் சரிவராது, வாங்க” என்று முன்னால் இருந்துவிட்டான். அந்த அம்மா முதற் கவளத்தைப் பேரப்பிள்ளைக்கு ஊட்டினார். இரண்டாவதை அவனுக்கு ஊட்டினார். பிறகுதான் தான் உண்டார்.

அன்றிரவு அவன் என்னிடம் வந்து, “சேர், கோவிக்காதீங்க. ரெண்டு தரம் எடுக்கிறவன் எடுக்கட்டும். நாளைக்குப் பாய் விரிச்சுப் பந்தியில வைப்பம். திண்டு முடிஞ்சாப் பிறகு நீங்க ஆறுதலாக் கொப்பியை எழுதுங்க” என்றான். எனக்குச் சுள்ளென்றது. தாமரை இலைச் சோறு நினைவுக்கு வந்தது. இரண்டாவது பொதியும் நினைவுக்கு வந்தது.

அடியார்களே, பெரியபுராணத்திலே சேக்கிழார் சுவாமிகள் சொல்லும் திருவீழிமிழலை வரலாற்றை நான் பாடசாலையில் பல வருடம் படிப்பித்திருக்கின்றேன். அன்றிரவுதான் அது எனக்கு விளங்கிற்று.

மழை பொய்த்தது, ஆறு வற்றியது, நாடெங்கும் வற்கடம். சம்பந்தரும் நாவுக்கரசரும் அப்போது வீழிமிழலையில் இருந்தார்கள். இறைவன் கனவிலே தோன்றி, உங்களைச் சார்ந்தோர் வாடாமல் இருக்க நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்றார். கோயிலின் கிழக்குப் பீடத்தில் ஒன்று, மேற்குப் பீடத்தில் ஒன்று. (எழுவான் பக்கம் ஒன்று, படுவான் பக்கம் ஒன்று என்று நான் சொல்லிப் பார்ப்பதுண்டு. சேக்கிழார் எமது வாவியைக் கண்டவரல்லர். ஆயினும் சொல்லிப் பார்ப்பதில் ஒரு சந்தோசம்.) அந்தக் காசைக் கொண்டு இரண்டு திருமடத்திலும் பண்டம் வாங்கிச் சமைத்தார்கள். எல்லோரும் வந்து உண்ணுங்கள் என்று இரு பொழுதும் பறை சாற்றினார்கள். கவனியுங்கள். பறைதான் சாற்றினார்கள், பட்டியல் எழுதவில்லை.

சில நாள் சென்றபின் சம்பந்தப் பிள்ளையார் ஒன்றைக் கவனித்தார். நாவுக்கரசர் மடத்திலே நேரத்துக்குப் பந்தி நடக்கின்றது, தம்முடைய மடத்திலே காலம் தாழ்க்கின்றது. ஏனென்று சமையல் செய்வோரைக் கேட்டார். அவர்கள் சொன்ன விடை என்ன? “தங்களுக்குக் கிடைக்கும் காசைக் கடைத்தெருவிலே வாசி கேட்கிறார்கள், அரசுகளின் காசை வாசியின்றி எடுக்கிறார்கள்” என்பதே. வாசி என்றால் வட்டம், கழிவு. காசு குறையுள்ளது என்று சொல்லிப் பெறுமதியில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளல். அதைப் பேசித் தீர்த்துப் பண்டம் வாங்கி வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. நாவுக்கரசருடைய காசு ஏன் முழுப் பெறுமதியானது? அவர் கையிலே உழவாரம் ஏந்தித் திருத்தொண்டு செய்கின்றவர், அதனால் என்பது சேக்கிழார் காட்டும் காரணம். சம்பந்தர் அதைக் கேட்டு வருந்தினார், பெருமை பாராட்டவில்லை. வாசியை நீக்கித் தரும்படி வீழிமிழலைப் பெருமானைப் பதிகம் பாடி வேண்டினார். மறுநாள் முதல் நல்ல காசு கிடைத்தது. பிறகு மழை பெய்து பஞ்சம் நீங்கிற்று.

உமையம்மையின் ஞானப்பால் உண்ட பிள்ளை, இறைவனிடம் சென்று கேட்டது என்ன என்று பாருங்கள். பசித்தவர்களின் சோறு ஒரு நாழிகை பிந்துகின்றது, அதைச் சரிசெய்து தாரும் என்று கேட்டது. சோறு பிந்துவது ஒரு சிறிய விடயம் என்று அந்தப் பிள்ளை எண்ணவில்லை. சோறு பிந்தியதற்குக் காரணம் காசிலே இருந்த கழிவு. நான் வாசலிலே கொப்பியோடு இருந்தபோது கழித்துக்கொண்டிருந்ததும் அதுதான். ஊரார் ஒரு சுண்டு ஒரு சுண்டாகத் தந்த அரிசி முழுக் காசாக வந்தது. அதை நான் என்னுடைய சந்தேகத்தால் வாசிக் காசாக்கினேன்.

கொப்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிற்பாடு அரசாங்கமும் உலக உணவுத் திட்டமும் உலர் உணவு கொடுக்கத் தொடங்கியபோது கணக்கு வேண்டியிருந்தது. காணாமற்போன பிள்ளையைத் தேடி வருகிற தகப்பனுக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டியிருந்தது. கொப்பி எழுத வேண்டும், ஆனால் உண்டபின் எழுத வேண்டும். பெயரை முதலில் கேட்டால் அது விசாரணை. உண்டு முடித்த பின் கேட்டால் அது உறவு கொண்டாடல். அடுத்த நாள் பந்திக்குப் பின் பாயிலே இருந்து எழுதியபோது, எழுத வேண்டியதைக் காட்டிலும் கூடுதலாகச் சொன்னார்கள். எந்த வயல், எத்தனை மாடு, மூத்த மகன் எந்தத் துறையால் வந்திருப்பான் என்று. ஒருவர் தன் நாயின் பெயரையும் எழுதும்படி கேட்டார். எழுதினேன்.

காசிலே கழிவு விழும் வேறு வழிகளும் உண்டு. பொருள் கொண்டுவந்த சிலர் முதலில் பதாகையைக் கட்டினார்கள். பால்மாப் பெட்டியை வாங்கும் தாய் படப்பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று தரம் கை நீட்ட வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான், தூரத்திலிருந்து சிரமப்பட்டு வந்தவர்கள்தான். அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, அதுவரை கண்ணாலும் காணாத திருநாவுக்கரசர் பெயரை வைத்தார் என்று மட்டும் இங்கே சொல்லி நகர்கின்றேன்.

சோற்றைப் பற்றியே பேசினேன். மருந்து அதைவிடக் கடினம்.

வந்தவர்களில் முதியோர் பலரிடம் கிளினிக் கொப்பி இல்லை. வீட்டுக் கூரையிலே செருகியிருந்ததை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. பிறசருக்கு என்ன குளிசை என்று கேட்டால், “சின்ன வெள்ளைக் குளிசை, காலையில அரைவாசி” என்பார்கள். சின்ன வெள்ளைக் குளிசை எத்தனை வகை இருக்கின்றது! ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் எங்களோடு இருந்தது பிள்ளையாருடைய அருள். நிறத்தைக் கேட்டு ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் பாயிலிருந்து பாய்க்குப் போய் யாருக்குச் சீனி வருத்தம், யாருக்கு வலிப்பு, யார் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணி என்று எழுதி எடுத்தார்கள். பொதிகளின் அடியிலே கிடந்த வெறும் குளிசை அட்டைகளைச் சேர்த்தார்கள். அவற்றோடு முதியோரை முச்சக்கர வண்டிகளில் களுவாஞ்சிக்குடி வைத்தியசாலைக்கு ஏற்றினார்கள். முச்சக்கர வண்டிக்காரர் பலர் எண்ணெய்க் காசும் கேட்கவில்லை. இரவிலே பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோவது அக்காலத்தில் இலேசான காரியமன்று. வீதியிலே எத்தனை இடத்தில் இறங்கி மறுமொழி சொல்ல வேண்டும். உதவப் போன பிள்ளைகளே பயந்து பயந்து போன காலம் அது.

பிறகு வயிற்றோட்டம் தொடங்கியது. எங்கள் மணல் நிலத்திலே கிணறு ஆழமில்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரு வளவில் இருந்தால் நிலத்தில் விழுவதெல்லாம் நீரில் சேரும். சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் இட்டார். கொதித்தாறிய நீரைக் குடத்திலே நிரப்பி வைக்க இரண்டு அடுப்பை அதற்கென்றே ஒதுக்கினோம். பிள்ளைகளுக்கு ஜீவனி கரைத்து, ஒரே மூச்சில் அல்ல, கரண்டி கரண்டியாகப் பருக்கும்படி குடும்பநல உத்தியோகத்தர் காட்டித் தந்தார். முதல் இரண்டு நாளும் உறைப்பான கறியோடு சோறு கொடுத்தது பிழை என்றும் அவர்தான் சொன்னார். நாட்கணக்கில் காய்ந்து வந்த வயிற்றுக்குக் கஞ்சிதான் முதலில் வேண்டும். அன்பு மட்டும் போதாது, அறிந்தவரிடம் கேட்டுச் செய்யவும் வேண்டும்.

சம்பந்தர் கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது, பனிக்காலத்துக் குளிர்ச்சுரம் அவருடன் வந்த அடியாரைப் பற்றிக்கொண்டது. அவர் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பாடினார். நோய் நீங்கியது கூட வந்தவர்களை மட்டுமன்று, அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பர். இதிலே ஒரு சுகாதாரப் பாடமும் உண்டு என்பது என் எண்ணம். வந்தவர்க்கு வேறு நோய், ஊரவர்க்கு வேறு நோய் என்று கிடையாது. முகாமிலே பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால், முகாமுக்குப் பின்வளவிலே இருக்கின்ற என்னுடைய கிணறும் அதே மணலிலேதான் இருக்கின்றது.

மலசலகூடக் குழி வெட்டுவதற்கு ஆள் இருந்தது. துப்புரவு செய்வதற்கு யார்? இந்த இடத்திலே எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் சமூகத்திலே அந்த வேலையை யாருடைய தலையில் கட்டி வைத்திருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுத்து ஆள் பிடிப்போம் என்று சிலர் சொன்னார்கள். அதற்குள் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் கூடங்கள் கழுவப்பட்டிருந்தன, சுண்ணாம்பு தூவியிருந்தது. யாரென்று விசாரித்தேன். ஊரிலே நல்ல நிலைமையிலுள்ள வீட்டுப் பிள்ளைகள் இருவர், முகாம் எழும்பு முன்னர் நாலு மணிக்கு வந்து செய்துவிட்டுப் போயிருந்தார்கள். தகப்பன்மாருக்குத் தெரியாது. தெரிந்தபின் ஒரு வீட்டில் பெரிய சண்டையும் நடந்தது. அடுத்த கிழமை அந்தச் சண்டை பிடித்த தகப்பனே வாளியோடு வந்தார் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். அவர் வரவில்லை. ஆனால் மகனைத் தடுக்கவும் இல்லை.

நாவுக்கரசர் கோயில் வீதியிலே புல் செதுக்கினார், குப்பை அள்ளினார். அதனாலே அவருடைய காசை எந்தக் கடைக்காரனும் கழிக்கவில்லை. நடமாடும் கோயிலாகிய மனிதருக்குச் செய்தது நிலையான கோயிலிலுள்ள இறைவனுக்குப் போய்ச் சேரும் என்பது திருமூலர் காட்டிய வழி. அப்படியானால் அந்த நாலு மணி வாளியும் உழவாரந்தானே!

இது எம்மூருக்கு மட்டும் வாய்த்த அனுபவமன்று. இராமேசுவரம் பக்கத்து மணல் தீடைகளிலே, படகோட்டிகள் இறக்கிவிட்டுப் போன எம்மவர்கள் குடிக்க நீருமின்றித் தவித்துக் கிடந்ததும், அவ்வழியால் போன மீனவர்கள் தங்கள் சோற்றையும் தண்ணீரையும் கொடுத்து உதவியதும் யுத்த காலத்தில் பல தடவை நடந்தவை. 2022 மார்ச்சிலே பொருளாதார நெருக்கடி காரணமாகப் போன குடும்பமொன்றும் அப்படித் தீடையில் தவித்து, இந்தியக் கரையோரக் காவற்படையால் மீட்கப்பட்டது. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்லடியில் வேரூன்றச் செய்த இராமகிருஷ்ண மிஷனை நாம் அறிவோம். அந்த மிஷனின் முதலாவது நிவாரணப் பணி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1897இலே சுவாமி அகண்டானந்தர் வங்காளத்து முர்சிதாபாத் மாவட்டத்தால் நடந்து போகையில், குடம் உடைந்து அழுது நின்ற ஒரு முஸ்லிம் சிறுமியைக் கண்டார். கையில் இருந்த சில்லறைக்கு அவளுக்கு ஒரு குடமும் பொரியும் வாங்கிக் கொடுத்தார். கொடுத்து முடிப்பதற்குள் பஞ்சத்தில் அடிபட்ட பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. மேலே போகவிருந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். திட்டமும் கூட்டமும் அதன் பிறகு வந்தவை. முதலில் வந்தது ஒரு குடம்.

எமது பிரதேசமும் இவ்வாறு பல தடவை கற்றிருக்கின்றது. 1978 நவம்பர் 23 இரவு புயல் கூரைகளைப் பிடுங்கியபோது, கல்வீடு இருந்தவர் கதவைத் திறந்தார். யாருடைய வீடு என்று அன்று பார்க்கவில்லை. 1990இலும் அப்படியே. 2011 தை மாதத்து வெள்ளத்திலே படுவான்கரை ஊர்கள் தீவுகளாகிவிட, வள்ளங்களிலே பாணும் தண்ணீரும் மருந்தும் போயின. அவ்வேளை போன பிள்ளைகளில் பலர் 2007இல் கிடாரம் கழுவிய பிள்ளைகள். அவர்களிடம் ஒரு கொப்பி இருந்தது. என்னுடையதைப் போலன்று. எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்குக் கிளினிக் எந்த நாள் என்று முன்கூட்டியே எழுதிய கொப்பி. வெள்ளம் வருமுன் எழுதியது. அதைக் கண்டபோது எனக்கு வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன.

இளையான்குடி மாறனார் கதை எல்லோருக்கும் தெரியும். மழை இரவு, வந்த அடியாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அன்று பகல் விதைத்த நெல்லை இருளிலே காலால் தடவி வழி கண்டு போய் வாரிக்கொண்டு வந்தார். வீட்டுக் கூரைக் கொம்பை முறித்து விறகாக்கினார். இதைச் சொல்லும்போது நாம் மாறனாரையே புகழ்கின்றோம். விதைத்த நெல் இருக்கிறதே என்று நினைவூட்டியவர் அவருடைய மனைவியார். அதை வறுத்துக் குற்றி அரிசியாக்கி, குழியிலே நின்ற கீரையைப் பலவிதமாகச் சமைத்தவரும் அவரே. 2007இலும் அப்படித்தான். வாசலிலே நின்ற எங்களுடைய பெயர் வெளியே தெரிந்தது. அடுப்படியில் மூன்று மாதமாகப் புகை குடித்த பெண்களின் பெயரை யாரும் மேடையில் சொல்லவில்லை. நடுச்சாமத்திலே வயிற்றோட்டக்காரப் பிள்ளைக்குச் சீலை மாற்றியதும், மகன் வந்து சேராத தாயின் பக்கத்திலே ஒன்றும் பேசாமல் விடியுமட்டும் இருந்ததும் அவர்களே. அவர்களுள் சிலர் இன்றைக்கும் இக்கோயிலுக்கு வருகின்றார்கள். தாங்கள் செய்ததை ஒரு தொண்டென்று அவர்கள் எண்ணுவதாகவும் தெரியவில்லை.

அந்த வருடம் மே மாதத்திலே மீள்குடியேற்றம் தொடங்கியது. பஸ்களிலும் உழவு இயந்திரங்களிலும் கட்டம் கட்டமாகப் போனார்கள். சிலர் போக விரும்பினார்கள், சிலர் பயந்து பயந்து போனார்கள். போய்ப் பார்த்தபோது களத்து நெல் இல்லை, மாடுகளில் பாதி இல்லை. வேப்பமரத்தடி அம்மாவும் போனார். ஏறும்போது அந்தப் பையனைத் தேடினார். அவன் அன்று பரீட்சைக்குப் போயிருந்தான்.

ஆனி உத்தரத்துக்கு அவர் திரும்பி வந்தார். தலையிலே சும்மாடு வைத்து ஒரு தயிர்ச்சட்டி. பிள்ளையாருக்கென்று கொண்டுவந்தேன் என்றார். மாடு எத்தனை திரும்பக் கிடைத்தது என்று கேட்டேன். “ரெண்டுதான் மனே, மத்ததுகளப் பாக்கிறாங்க” என்றார். ஐயரிடம் கொடுத்து அபிடேகம் ஆனபின் மீதித் தயிரைப் பந்தியிலே ஊற்றினோம். அவரும் பந்தியிலே இருந்து சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். பையன் பரிமாறிக் கொண்டுவந்தான். இலையில் சோறு போட்டபோது அவர் “போதும்” என்று கை காட்டினார். அவன் இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

திருச்சிற்றம்பலம்